பூனைக்காக அழலாமோ?

அடியோங்கள் அகத்தில் 11 ஆண்டுகள் வளர்ந்த பூனை அண்மையில் உயிர் நீத்தது. தளிகை வேளையில் அது காத்திருக்கும் வாசற்படியைக் காணுந்தோறும் கண் கலங்குகிறோம். எம்பெருமானே தஞ்சம் என்றிருப்பார் ஒரு பூனைக்காக அழலாமோ?

சீதாப்பிராட்டியைப் பிரிந்த துயரினும் ஜடாயுவை இழந்த துயரே பெரிது என்று பெருமாள் வருந்தியதை ஸ்ரீராமாயணம் காட்டுகிறது. அப்பறவைக்கு ஈமக்கடனும் தாமே செய்தருளினார்.

ஜடாயு பெருமாளுக்காகப் போரிட்டு உயிர் கொடுத்தவர். பூனை என் செய்தது எனில், அயோத்தியின் புல்லும் எறும்பும் என் செய்தன? அவற்றையும் அவன் நற்கதிக்கு உய்த்தான் என்றன்றோ நம்மாழ்வார் திருவாய்மொழியில் அருளினார்!

ஆகவே அழுகை குற்றமன்று. ‘எங்களுடையது’ என்னும் எண்ணமே குற்றம். அது அவனுடைமை, சிலகாலம் எங்களிடம் இருந்தது.

ஆயினும், ‘இறுதியில் காக்க இயலவில்லையே’ என்று நெஞ்சு ஆறவில்லை. முன்பு ஒரு மழையிரவில் அப்பூனை தன் குட்டியை வாயால் கவ்வி மாடிப்படி ஏறியது. குட்டி தன் முயற்சி ஏதுமின்றித் தொங்கியது. காலக்ஷேபத்தில் கேட்ட மார்ஜார நியாயத்தை அன்று கண்ணால் கண்டோம்.

காப்பவர் நாமல்லோம் என்பதை அது அன்றே காட்டிற்று. அதனைக் கவ்வியவன் கைவிடான் என்று தேறுகிறோம், தேறியும் அழுகிறோம்.