கதவைத் திறந்த கை

2020 ஆகஸ்ட் தொடக்கம். மோட்டார் சைக்கிள் பந்தய உலக சாம்பியன் மார்க் மார்கெஸ் தன் வீட்டில், தோட்டத்துக்குப் போகும் பெரிய கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தார். வலது மேற்கையில் இரண்டு வாரத்துக்கு முன்பு பொருத்திய டைட்டேனியத் தகடு கைக்குள்ளேயே உடைந்துபோனது. ஜன்னலைத் திறந்தபோது என்றுதான் முதலில் செய்தி வந்தது. தோட்டத்துக் கதவு என்று அவரே பிறகு சொன்னார்.

அந்தக் கதவு இதை எழுதுபவரின் மனதைவிட்டுப் போக மறுக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பாயும் வண்டியை அடக்கிய கை அது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூலை 19, ஸ்பெயினின் ஹெரெஸ். முன்னணியில் இருந்த மார்கெஸ் பாதையை விட்டு விலகிப் பின்தங்கினார். ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாம் இடத்துக்கு வந்த பிறகு விழுந்தார். மேற்கை எலும்பு முறிந்தது. 21ஆம் தேதி பார்சிலோனாவில் அறுவை சிகிச்சை. 25ஆம் தேதி அதே ஹெரெஸில் மறுபடி வண்டியில் இருந்தார்! ஓட்டலாம் என்று மருத்துவர்கள் அனுமதித்திருந்தார்கள். கை ஒத்துழைக்கவில்லை, தகுதிச் சுற்றோடு விலகினார். அடுத்தது அந்தக் கதவு. ஆகஸ்ட் 3ஆம் தேதி இரண்டாவது அறுவை. டிசம்பரில் மூன்றாவது: எட்டு மணி நேரம், இடுப்பெலும்பிலிருந்து எலும்பெடுத்து ஒட்டினார்கள், உள்ளே கிருமித் தொற்றும் இருந்தது தெரிந்தது. 2022 ஜூனில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நான்காவது. எலும்பு ஏறத்தாழ 30 டிகிரி திரும்பிக் கூடியிருந்ததால், அதை வெட்டித் திருப்பி வைத்தார்கள்.

கதவின் மேல் பழி போட முடியாது. முறிந்த எலும்பு கூடும்வரை அதை அசையாமல் பிடித்துவைப்பதுதான் தகட்டின் வேலை. எலும்பு சுமக்க வேண்டிய பளுவை எல்லாம் அதன் தலையில் ஏற்றினால், வளைந்து வளைந்து உலோகம் ஒருநாள் விட்டுவிடும். ஆகவே கணக்கு ஹெரெஸிலேயே தொடங்கிவிட்டது. பிரேக் பிடித்த ஒவ்வொரு முறையும் அந்தத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றிருக்கும். கடைசித் தள்ளு மட்டும் வீட்டில் நடந்தது.

அப்படியானால் அந்த 25ஆம் தேதிக்கு என்ன பெயர் வைப்பது? துணிச்சல் என்றா, அறியாமை என்றா?

சோழவரம் நினைவுக்கு வருகிறது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா போகும் சாலையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். இருங்காட்டுக்கோட்டைப் பாதை 1990இல் வருவதற்கு முன்பு தென்னிந்தியாவின் பெரிய பந்தயங்கள் அங்கேதான். இதை எழுதுபவரை அவருடைய அப்பா ஒருமுறை அழைத்துப் போனார். வெயில், புழுதி, ஆமணக்கெண்ணெய் கலந்த புகை. வைக்கோல் கட்டுகளுக்கு இந்தப் பக்கம் ஒருவர் கையில் மாவுக்கட்டோடு நின்றிருந்தார். ஓடும் வண்டிகளைப் பார்த்தபடி, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மட்டும் மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். “கை கூடினதும் மறுபடி வந்துடுவான் பாரு” என்றார் அப்பா. மெச்சிச் சொன்னாரா, வருத்தப்பட்டுச் சொன்னாரா என்பது அந்தக் குரலிலிருந்து பிடிபடவில்லை. இப்போது கேட்கவும் அப்பா இல்லை.

ஹெரெஸுக்கு முன்னுதாரணம் உண்டு. 2013 ஜூனில் நெதர்லாந்தின் அசென் பாதையில் பந்தய வீரர் ஹோர்கே லொரென்சோ வியாழக்கிழமை விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டார். விமானத்தில் பார்சிலோனா போய், இரவோடு இரவாகத் தகடு வைத்துக்கொண்டு திரும்பி வந்து, சனிக்கிழமை பந்தயத்தில் ஐந்தாவதாக முடித்தார். உலகமே கொண்டாடியது. இரண்டே வாரத்தில் ஜெர்மனியில் மறுபடி விழுந்தார், அந்தத் தகடும் வளைந்தது. அந்த ஆண்டுப் பட்டத்தை அவர் இழந்தது வெறும் நான்கு புள்ளியில். வென்றவர் 20 வயது மார்கெஸ். வலியோடு ஓட்டுவதை எல்லாரும் கைதட்டி வரவேற்ற உலகத்தில்தான் அந்த இளைஞர் பாடம் படித்தார்.

அதே லொரென்சோ 2019இல், அதே அசெனில் விழுந்து முதுகெலும்பு முறிந்தபோது வேறொரு முடிவுக்கு வந்தார். சரளையில் உருண்டு எழுந்த கணத்திலேயே, இது தேவைதானா என்ற கேள்வி வந்ததாக ஓய்வை அறிவித்தபோது சொன்னார். அப்போது அவருக்கு வயது 32, ஐந்து உலகப் பட்டங்கள். அவரைக் கோழை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இதை ஓஸ்லோவில் இருந்துகொண்டு யோசிப்பது இன்னும் சிக்கல். இந்த நகரத்தில் 1975ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 41 பேர் இறந்தார்கள். சாலையில் யாரும் சாகக் கூடாது என்பதையே நாட்டின் இலக்காக நார்வே நாடாளுமன்றம் பின்னர் ஏற்றது. 2019இல் ஓஸ்லோ சாலைகளில் ஒரு பாதசாரிகூட, ஒரு சைக்கிள்காரர்கூட இறக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார்கள், நகர மையத்தில் நூற்றுக்கணக்கான பார்க்கிங் இடங்களை எடுத்தார்கள். இங்கே கார் லைசென்ஸ் வேண்டுமென்றால் வழுக்குத் தளத்தில் ஓட்டிப் பழக வேண்டும். எந்த இடத்தில் தரை கைவிடும் என்பதை உடம்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழில்முறைக் குத்துச்சண்டையை நார்வே 1981இல் தடைசெய்தது. மூளைக்கு ஆபத்து என்பது காரணம். பெர்கன் நகரின் சிசிலியா பிரேக்ஹுஸ் உலக சாம்பியன் ஆனார், ஆனால் சொந்த நாட்டில் சண்டையிட முடியாது. 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் தடையை நீக்கியது; 2016 அக்டோபர் 1 அன்று ஓஸ்லோ ஸ்பெக்ட்ரம் அரங்கில் அவர் இறங்கி வென்றார். சாலையில் ஒரு சாவும் கூடாது என்று சொன்ன அதே சபை, வளர்ந்த மனிதர் தெரிந்தே அடி வாங்க இடம் கொடுத்தது. இரண்டும் நியாயம் என்றே படுகிறது. தெருவில் நடப்பவர் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை. ஆபத்தும் சொன்ன இடத்தில் காத்திருப்பதில்லை: மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 உலகப் பட்டங்கள் வென்ற ஆன்கெல் நியெதோ 2017இல், 70ஆம் வயதில், இபிசா தீவில் சாதாரணச் சாலை விபத்தில்தான் இறந்தார்.

மார்கெஸ் நிறுத்தவில்லை. 2023 முடிவில், ஒப்பந்தம் ஓராண்டு மீதமிருக்கும்போதே ஹோண்டாவை விட்டு, சிறிய கிரெசினி அணிக்குப் போனார். 2024 செப்டம்பர் 1 அன்று அராகோனில் வென்றார். முந்தைய வெற்றிக்குப் பிறகு 1,043 நாட்கள் ஓடியிருந்தன. 2025 செப்டம்பர் 28 அன்று ஜப்பானின் மொதேகியில் ஒன்பதாவது உலகப் பட்டம். லொரென்சோ விலகிய அதே 32 வயது. ஒரு வாரத்தில் இந்தோனேசியாவில் இன்னொரு வண்டி மோதி வலது தோளில் முறிவு. அந்த ஆண்டின் மீதிப் பந்தயங்கள் போயின.

மொதேகி நடந்திருக்காவிட்டால் அந்தக் கதவை எல்லாரும் எச்சரிக்கைக் கதையாகச் சொல்லியிருப்பார்கள். நடந்ததால் விடாமுயற்சிக் கதை. இரண்டு கதையிலும் தள்ளியது ஒரே கைதான். முடிவு தெரியாத நாளில் ஒருவர் எதை நம்பி ஓட்டுவது, எதை நம்பி நிறுத்துவது? இதை எழுதுபவரிடம் பதில் இல்லை. மார்கெஸும் லொரென்சோவும் இரண்டு பேருமே சரி என்று தோன்றுகிற நாட்கள் உண்டு, இரண்டு பேருமே தப்பித்தார்கள், அவ்வளவுதான் என்று தோன்றுகிற நாட்களும் உண்டு.

சிறுவர்கள் விஷயத்தில் மட்டும் இந்தத் தயக்கம் கிடையாது. 2021இல் ஸ்பெயினின் பந்தயப் பாதைகளில் 14 வயதுச் சிறுவன் ஒருவனும் 15 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 5 அன்று சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். எந்தத் துணிச்சலின் பெயராலும் அந்த வயதை அங்கே நிறுத்தக் கூடாது. உலகப் போட்டிக்கான குறைந்தபட்ச வயது 2023 முதல் பொதுவாக 18 ஆகிவிட்டது. மார்கெஸ் 2008இல் முதல் உலகப் போட்டிக்கு வந்தபோது அவருக்கு வயது 15.