ஷெட்டில் நின்ற ஜிப்சி

போன மார்கழியில், ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாள் தேர் பார்க்க சிதம்பரம் போகலாமா என்று அம்மா கேட்டார்கள். கடலூரிலிருந்து 45 கிலோமீட்டர்தான். “கூட்டமா இருக்கும்மா, அப்புறம் போய்க்கலாம்” என்றேன். சொன்னது பொய். போய்வர 90 கிலோமீட்டர், லிட்டருக்கு ஏழு, 13 லிட்டர், 1,300 ரூபாய்க்கு மேல் என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. கட்டிலில் எடுத்து வைத்திருந்த புடவையை அம்மா பேசாமல் பீரோவில் வைத்தார்கள்.

என் வண்டி 2007-ல் வாங்கிய மாருதி ஜிப்சி. 1,298 சிசி பெட்ரோல் எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ். கடலூர் முதுநகரில் ஒரு பட்டறையில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். அகல டயர், உயர்த்திய ஸ்பிரிங் பட்டை, இரும்புக் கூரை. கூரையில் வெல்டிங் பிசிறை நானே அரம் வைத்துத் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அந்த இடம் விரலுக்குத் தெரியும்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பெரியப்பாவின் பலாத்தோப்பு வேரோடு சாய்ந்து கிடந்தது. பாதை எது, தோப்பு எது என்று தெரியாத இடத்தில் கியரைக் குறைத்து ஊர்ந்து ஊர்ந்து போனோம். விழுந்த மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த பெரியப்பா, எங்களைப் பார்த்த பிறகுதான் அழுதார். அன்று அந்த வண்டி இல்லையென்றால் அவர் தனியாகவே உட்கார்ந்திருப்பார். இதை எந்தச் செலவுக் கணக்கில் எழுதுவது?

ஆனால் செலவு நிற்கவில்லை. அகல டயர் பெட்ரோலைக் குடித்தது, வீல் பேரிங்கைத் தின்றது. உப்புக்காற்று அடித்தட்டை அரித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இஷ்டத்துக்கு வண்டியை மாற்ற விடாது. 2022-ல் பதிவைப் புதுப்பிக்கப் பழைய டயரை மாட்டி, பம்பரைக் கழற்றித்தான் கொண்டுபோனேன். அந்த ஏப்ரலில்தான் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆகியிருந்தது. அதையும் கட்டினேன். பணம் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. யார் எங்கே கூப்பிட்டாலும் முதலில் கிலோமீட்டரை நினைக்கிற ஆளாக மாறியிருந்தேன், அதுதான் உறுத்தியது. கல்யாணத்துக்குப் போகவில்லை, துக்கத்துக்கு மறுநாள் பஸ்ஸில் போனேன். வண்டி ஷெட்டிலேயே நின்றது. பேட்டரி இறங்கியது, பிரேக் இறுகியது. சிதம்பரத்துத் தேர் மாதக்கணக்கில் நிலையில் நிற்கலாம். இழுக்க ஊரே வரும். எஞ்சினை அப்படி நிறுத்தி வைக்க முடியாது. ஓட்ட முடியாதவன் வைத்திருப்பதை அன்பு என்று இனியும் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வண்டியை வாங்க வந்தார். விலை பேசுவதற்கு முன் கீழே படுத்து அடித்தட்டைப் பார்த்தார். எழுந்து கூரையைத் தடவியவரின் கை, நான் தேய்த்த இடத்தில் ஒரு கணம் நின்றது. பெயர் மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆனித் தேருக்கு அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். கீழ வீதியில் அம்மா வடத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கத்தரிக்காய் கொத்சு ஊற்றி இட்லி சாப்பிட்டோம். திரும்பும்போது புதுச்சத்திரம் தாண்டி, ஜன்னலோரம் இருந்த அம்மா கேட்டார்கள்:

“நம்ம வண்டி இந்நேரம் மலை ஏறிக்கிட்டிருக்கும்ல?”