விற்பவர் வாய்மூடி இருக்கலாமா?

புதிய மோட்டார் கார் வாங்கப் புறப்படும் மனிதரின் கவனம் வியக்கத்தக்கது. ஒரு கடைக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறார். சாவி கைக்கு வந்ததும் தெப்ராவ் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கிறார். மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறுகிறதா, பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, முழங்கால் வலியுள்ள தாயார் பின்னிருக்கையில் சிரமமின்றி ஏறி இறங்க முடியுமா என்றெல்லாம் சோதிக்கிறார். கால்மணி நேர ஓட்டம் போதாதென்று மறுநாள் மனைவி மக்களோடு வந்து இன்னொரு முறை ஓட்டுகிறார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொருளைப் பார்த்தறிந்து வாங்குவது மார்க்கம் விரும்பும் செயலே. காணாத பொருளின் வியாபாரத்தை நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் இலகுவில் ஒப்பவில்லை என்பதை வாசகர் அறிவர்.

அதே மனிதர் அதே வாரத்தில் தம் பழைய காரை விற்கிறார். இப்போது அவருடைய ஆசை வேறு விதமாகி விடுகிறது. வாங்க வருகிறவர் அதிகம் துருவாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறார். வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கியர் சறுக்குகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே காலை ஏழு மணிக்கே வந்து ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்! பொய் ஒன்றும் சொல்லவில்லை. "கேட்டால் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை" என்பதே அவர் பதில். கேட்காததைச் சொல்லாமலிருப்பது பாவமா? தொழுகையாளிகளான நல்ல மனிதர்களே இதில் தடுமாறுவதால் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் நாட்டுச் சட்டத்தைக் கேட்போம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872இல் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டத்தைத் தழுவியது. மோசடி எது என்று விளக்கும் அதன் 17ஆம் பிரிவில் ஒரு குதிரை உதாரணமாக வருகிறது. ஒருவன் நோயுள்ள தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். நோயை அறிந்தும் வாய் திறக்கவில்லை. இது மோசடியன்று என்கிறது சட்டம். நம் நண்பர் மகிழ்ந்து போவார். ஆனால் அடுத்த வரியையும் அவர் படிக்க வேண்டும். அதே குதிரையை வாங்குகிறவள் அவனுடைய மகளாக இருந்து, அப்போதுதான் பராயமடைந்தவளாகவும் இருந்தால், சொல்லவேண்டியது அவன் கடமை என்கிறது அதே சட்டம்.

இதைக் கவனிக்க வேண்டும். குதிரை ஒன்றே, நோயும் ஒன்றே, மௌனமும் ஒன்றே. வாங்குகிறவர் அன்னியரானால் குற்றமில்லை, மகளானால் குற்றம். அப்படியானால் அந்த மௌனத்துக்குள் ஏதோ ஒரு தீங்கு இருப்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்தேயிருந்தார்கள். அன்னியர் விஷயத்தில் அதைத் தண்டிக்காமல் விட்டார்கள், அவ்வளவே. சந்தையில் நடக்கும் மௌனத்தையெல்லாம் நீதிமன்றத்துக்கு இழுத்தால் நாடு தாங்காது. ஆகவே சட்டத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், சட்டம் பிடிக்காதது எல்லாம் ஆகுமானது என்று எவர் சொன்னார்?

மதீனாவின் கடைத்தெருவில் நடந்ததை நினைவு கூர்வோம். தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்னவென்று வினவியபோது, மழை நனைத்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கூறிவிட்டார்கள். இந்த ஹதீஸை மிம்பரில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இதில் மூன்று சங்கதிகளைப் பாருங்கள். மழை பெய்தது விற்பவரின் குற்றமன்று. தானியம் காய்ந்தது என்று அவர் பொய் சொன்னதாகவும் செய்தி இல்லை. கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டார். "கேட்டால் சொல்வேன்" என்ற நம் நண்பரின் நிலையும் இதுதானே? கண்டனம் எதற்கு என்றால், ஈரத்தை அடியில் வைத்ததற்கு.

ஜொகூர்வாசிகளுக்கு ஈரத் தானியம் பழங்கதையன்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளத்தில் கோத்தா திங்கி, சிகாமட், மூவார், பத்து பகாட் வட்டாரங்களில் 100,000க்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சில் மீண்டும் வெள்ளம் வந்தது; பத்து பகாட்டில் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் கார்கள் மூழ்குகின்றன. மூழ்கியவை அனைத்தும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுவதில்லை. பட்டறையில் காயவைத்து, விரிப்பை மாற்றி, எண்ணெயை மாற்றி, அத்தர் வாசனையும் தெளித்தால் வண்டி புதுமாப்பிள்ளை போல் நிற்கும், எஞ்சினும் ஓடும். கெடுதி பின்னால்தான் வரும். மின்கம்பி இணைப்புகளில் பச்சைத் துரு மெல்லப் பிடித்து, சில மாதங்களில் விளக்கு அணையும், எஞ்சின் நடுவழியில் நிற்கும். விபத்தில் விரியவேண்டிய காற்றுப்பை விரியாமலும் போகலாம். இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பார்த்தால் சில வேளை சேற்றுக் கறை தெரியும் என்பது பட்டறைக்காரர்கள் அறிந்த சூட்சுமம். வாங்க வரும் இளைஞர் அதை அறிவாரா?

வெள்ளக் காரை மறைத்து விற்பவர் எல்லாம் அயோக்கியர் என்று எழுதிவிடுவது சுலபம். விஷயம் அப்படியில்லை. இந்நாட்டில் முழுக் காப்புறுதி எடுத்தவருக்குங்கூட வெள்ளச் சேதம் தானாகச் சேர்வதில்லை. தனியே பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். பலர் சேர்ப்பதில்லை. ஒரே இரவில் வீட்டுச் சாமானும் போய், தவணை முடியாத காரும் போய் நிற்கிற மனிதருக்கு, அந்தக் காரை வாய்மூடி விற்பதுதான் பிழைக்கும் ஒரே வழியாகத் தோன்றுகிறது. அவர் கஷ்டம் மெய்யானது. ஆனால் அந்த நட்டத்தை அவர் யார் தலையில் வைக்கிறார்? பெரும்பாலும் தம்மைவிட எளியவர் தலையில். புதிய கார் வாங்க இயலாதவர்தானே பழைய காரைத் தேடி வருகிறார்!

"இருக்கும் நிலையிலேயே விற்கிறேன், பிறகு என்னைக் கேட்கக்கூடாது" என்று எழுதி வாங்கிக்கொண்டால் பொறுப்பு நீங்குமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்துத் தீர்ப்பு ஒன்று உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணலாம். இப்னு உமர் (ரலி) அவர்கள், அன்றைய வழக்கப்படி ஓர் அடிமையை, குறைக்குத் தாம் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர், நோய் இருந்தும் சொல்லவில்லை என்று வழக்குத் தொடுத்தார். நிபந்தனை இருந்ததே என்று உஸ்மான் (ரலி) அவர்கள் வழக்கைத் தள்ளிவிடவில்லை. விற்றபோது நோய் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்ய விரும்பாமல் அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவ்வடிமை பின்பு குணமடைந்து 1500 திர்ஹத்துக்கு விலைபோனது வேறு செய்தி. ஷாஃபிஈ இமாம்கள் இத்தகைய நிபந்தனையை மிகவும் குறுக்கினார்கள். பிராணியின் உள்ளே மறைந்திருந்து, விற்பவரும் அறியாத குறைக்கு மட்டுமே அது செல்லும். உயிருள்ள பிராணியின் உட்புறத்தை யாரும் முற்றிலும் அறிய முடியாதல்லவா? தெரிந்த குறையை ஒரு காகிதம் மூடாது.

இனி, வேறொரு சமாதானம். "நான் தனி ஆளுக்கு விற்கவில்லை. புதிய கார் எடுக்கும் கடையிலேயே பழையதைத் தள்ளிவிட்டேன். வியாபாரி நிபுணர், பார்த்துத்தான் விலை போட்டார்." இதில் பாதி நியாயம் உண்டு. அவர் கண்ட குறையை ஏற்றுக்கொண்டே வாங்கினால் திருப்பும் உரிமை அவருக்கு இல்லை. அவர் காணாததும் நீர் மட்டுமே அறிந்ததும் எதுவோ, அதுதான் மீதிப் பாதி. அந்தக் கார் அவரிடம் நிற்கப் போவதுமில்லை. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 1990 முதல் கார் வைத்திருக்க உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு, புதுப்பிக்காவிட்டால் கார் சாலையை விட்டு நீங்க வேண்டும். இக்கரையில் அத்தகைய எல்லை இல்லை. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவின் உடன்பிறப்புகளும், 1994இல் வந்த கன்சிலும் இன்றும் சாலையில் தென்படுகின்றன. ஒரு கார் ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங்குக்கும், அங்கிருந்து தோட்டப்புறத்துக்கும் நான்கைந்து கை மாறிச் செல்கிறது. மறைத்த குறையும் கூடவே செல்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கள்ள நாணயத்தைப் பற்றி எழுதும் இடம் இதற்கு மிகப் பொருந்தும். நூறு திர்ஹம் திருடுவதைவிட ஒரு கள்ள திர்ஹத்தைச் செலவழிப்பது கொடிது என்று ஒரு பெரியவர் கூறியதை எடுத்துக்காட்டுகிறார்கள். திருட்டு ஒரே பாவம், அத்துடன் முடிந்தது. கள்ள நாணயமோ செலவழித்தவர் மரித்த பின்னும் கைமாறி ஓடிக்கொண்டே இருக்கும். அத்தகைய நாணயம் கைக்கு வந்தால் கிணற்றில் எறிந்துவிடலாம். காரைக் கிணற்றில் எறிய முடியாது, தேவையுமில்லை. கள்ள நாணயத்துக்கு மதிப்பே கிடையாது, குறையுள்ள காருக்கோ குறைந்த மதிப்பு உண்டு. குறையைச் சொன்ன மாத்திரத்தில் அது யோக்கியமான சரக்காகிவிடுகிறது.

சொன்னால் விலை விழுமே என்பார்கள். விழும், அதை மறைப்பதற்கில்லை. 18,000 வெள்ளி கேட்கக்கூடிய கார் 11,000க்கு இறங்கலாம். இன்னொரு அநியாயமும் இதில் இருக்கிறது. 1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பழைய கார்ச் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே முக்கிய காரணம். அவர் காட்டியது இது: எந்தக் கார் நல்லது, எது சொத்தை என்று விற்பவருக்குத்தான் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க மனமின்றி அதன் சொந்தக்காரர் விலகிக்கொள்வார். சந்தையில் சொத்தை மிஞ்சும். ஆகவே உண்மை சொல்கிறவர் மற்றவர்களின் பொய்க்காக முன்னரே ஒரு கழிவு கொடுத்துவிட்டு, தம் உண்மைக்காக இன்னொரு கழிவும் கொடுக்கிறார். இந்த நட்டம் மெய். இருவரும் உண்மை பேசிக் குறையை வெளியிட்டால் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும் என்ற நபிமொழியை, நட்டமே வராது என்று பொருள்கொண்டு ஆறுதல் சொல்வது சரியாகத் தோன்றவில்லை. ஏழாயிரம் வெள்ளி ஏழாயிரம் வெள்ளிதான். ஆனால் அது நம்முடையதாக இருந்ததா என்பதுதான் கேள்வி. இல்லாத ஒரு நல்ல காருக்கு உரிய விலையல்லவா அது?

வாங்குபவர் நம்மவரல்லர் என்பதும் ஒரு சாக்காகாது. நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அன்னாரின் கவசம் ஒரு யூதரிடம் வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது. வெவ்வேறு மார்க்கத்தார் ஒருவரையொருவர் நம்பிக் கொடுத்து வாங்கிய சந்தை அது. இங்கும் நம் காரை வாங்க வருபவர் மலாய்க்காரராக, சீனராக, இந்துச் சகோதரராக இருப்பார்.

காரியத்துக்கு வருவோம். ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற தோழர் வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்தார். ஏமாற்று இருக்கக்கூடாது என்று சொல்லி வாங்கும்படி அவருக்குக் கற்பிக்கப்பட்டது. ஓர் அறிவிப்பின்படி மூன்று நாள் தவணையும் கிடைத்தது. அந்த மூன்று நாளை நாமே முன்வந்து கொடுக்கலாமே! காலை ஏழு மணி ஓட்டத்தோடு நிறுத்தாமல், நண்பகல் வெயிலில் ஓட்டட்டும். தமக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டு போகட்டும். உரிமை மாற்றத்துக்காகச் செய்யும் பரிசோதனை இதற்கு ஈடாகாது. அங்கே சேசிஸ் எண்ணையும் பிரேக்கையும் விளக்கையும் பார்ப்பார்கள். சூடேறிய பின் சறுக்கும் கியரை அதில் கண்டுகொள்ள முடியாது. எந்த ஆண்டு வெள்ளம், எந்த விபத்து, எது மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால், பிற்காலத்தில் விற்றவருக்கும் அது பாதுகாப்பு.

கடைசியாக, விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவர். தரகரும், அந்தக் காரைப் பல காலம் பழுதுபார்த்த பட்டறைக்காரரும், பக்கத்து வீட்டுக்காரரும் இதில் சேர்வர். "நமக்கேன் வம்பு" என்று இவர்கள் ஒதுங்குவதே வழக்கம். வாதிலா இப்னு அல்அஸ்கஃ (ரலி) அவர்கள் ஒரு சந்தையில் நின்றிருந்தபோது, ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். வாதிலா (ரலி) அவர்கள் சற்றுப் பராக்காக இருந்துவிட்டார்கள். அதற்குள் வாங்கியவர் ஒட்டகத்தோடு நடந்துவிட்டார். உடனே பின்னால் ஓடி, கூவி அழைத்து, இறைச்சிக்கு வாங்கினீரா, சவாரிக்கா என்று கேட்டார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் குளம்பில் ஓட்டை இருப்பதைக் கண்டேன், நெடுந்தூரம் தாங்காது என்றார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹத்தைக் குறைத்துக்கொண்டு, என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வாதிலா (ரலி) அவர்களிடம் குறைப்பட்டார். வியாபாரம் கெடவில்லை. ஒட்டகம் 200 திர்ஹத்துக்கு, அதன் குளம்பை அறிந்த ஒருவரிடமே போய்ச் சேர்ந்தது.