அப்பூதியடிகளின் பந்தலும் நம் பந்தலும்



தைப்பூசம் நெருங்குகிறது. பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள் எழும்பிவிடும். அங்கே நிற்பவர்களில் நிறையப் பேர் நம் வயசுப் பிள்ளைகள். அதனால் இந்த முறை பந்தலைப் பற்றியே பேசலாம் என்று இருக்கிறேன். நான் பொறியியல் படிக்கிறவன், சொற்பொழிவாளன் இல்லை. பெரியபுராணத்தில் படித்ததையும், மூன்று பூசமாகப் பந்தலில் நின்று பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தண்ணீர்ப் பந்தல் இந்த நாட்டுக்கு வந்த பிறகு நாம் கண்டுபிடித்தது இல்லை. சோழநாட்டுத் திங்களூரில் அப்பூதியடிகள் வைத்திருந்தார். அப்பர் பெருமானை அவர் நேரில் பார்த்ததே கிடையாது. கேள்விப்பட்டதோடு சரி. ஆனாலும் பிள்ளைகளுக்குத் திருநாவுக்கரசு என்று பேர். வீட்டுப் பசு, எருமை, அளக்கிற படி, தராசு எல்லாவற்றுக்கும் அதே பேர். பந்தலுக்கும் அதுதான். ஒருநாள் அந்த வழியாக வந்த அப்பர் தம் பேரைப் பார்த்துவிட்டு, "உம்முடைய பேரை எழுதாமல் வேறொருவர் பேரை எழுதக் காரணம் என்ன?" என்று கேட்கிறார். அப்பூதியாருக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டவர் யார் என்று தெரிந்ததும் காலில் விழுந்தார்.

வழக்கமாக இதற்குப் பிறகு எல்லாரும் பாம்பு கடித்த மகன் கதைக்குப் போய்விடுவார்கள். நான் பந்தலிலேயே நிற்கிறேன். ஓயாமல் ஜனம் நடக்கிற வழியோரத்தில், நிழலோடு, நீர் நிறைந்த குளம்போலக் குளிர்ந்து இருந்தது அந்தப் பந்தல் என்கிறார் சேக்கிழார். கவனித்துப் பாருங்கள். எங்கே போடுவது, வெயிலை எப்படி மறைப்பது, தண்ணீரை எப்படிக் குளிர்ச்சியாக வைப்பது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பக்தி இருந்தால் மட்டும் பந்தல் நிற்காது.

நம் பந்தலையே எடுத்துக்கொள்வோம். ஒரு கப் 200 மில்லி. 5,000 கப்புக்கு 1,000 லிட்டர், அதாவது ஒரு டன் எடை. அதை மடக்கு மேசை தாங்குமா, யார் தூக்குவது, எத்தனை தடவையாகக் கொண்டு வருவது? கப் கொடுக்கிற இடமும் குப்பைப் பையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஜனம் அங்கேயே தேங்கி நிற்கும். பையைப் பத்து அடி தள்ளி, அவர்கள் நடக்கிற திசையில் கட்டினால் குடித்துக்கொண்டே நகர்வார்கள். சாலையும் சுத்தமாக இருக்கும். இதை எனக்கு எந்த விரிவுரையாளரும் சொல்லித் தரவில்லை. இடைநிலைப் பள்ளியில் படிக்கிற ஒரு தங்கச்சி, மறுபேச்சு இல்லாமல் பையை அவிழ்த்துத் தள்ளிக் கட்டியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஐஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். 30 டிகிரி தண்ணீர் 20 லிட்டரை 10 டிகிரிக்கு இறக்கச் சுமார் நாலரை கிலோ ஐஸ் வேண்டும். அது வகுப்புக் கணக்கு. எங்கள் பந்தலில் ஒரு ஆன்டி இருக்கிறார். அவர் கணக்கே போடமாட்டார். கிண்ணத்தால் அள்ளிப் போடுவார், தோங்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பார், "போதும்லா, இதுக்கு மேல போட்டா பல்லு கூசும்" என்பார். ஒருமுறை அவர் போட்ட ஐஸை நிறுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய அதே நாலரை கிலோ!

அதே ஆன்டிதான் வாயைப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். காவடி வந்ததும் புதுப் பையன் ஒருவன் கப்பை நீட்டிக்கொண்டு ஓடினான். "தம்பி, அவருக்கு நாக்குல அலகு இருக்குலா. எப்படிக் குடிப்பாரு? கால்ல ஊத்து, தார் ரோடு சுடுது. தண்ணிய கூட வர்ற அம்மாவுக்குக் குடு, காலையில இருந்து அவங்களும்தான் நடக்குறாங்க" என்றார். காவடி எடுப்பவரை ஊரே பார்க்கும். கூட வருகிற அம்மாவைப் பார்க்க ஒரு தனிக் கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குப் பாடத்திட்டம் கிடையாது. அது இருக்கிற ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் நமக்கும் வரும்.

அப்பருக்கே அப்படித்தான். பெரிய படிப்பெல்லாம் படித்து, தருமசேனர் என்று பட்டம் வாங்கித் திரும்பி வந்தவர் அவர். அதுவரை திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூத்தொடுத்துக் கொண்டிருந்தவர் அக்கா திலகவதியார். அங்கேதான் தம்பி உழவாரத்தைக் கையில் எடுத்தார்.

சரி, எல்லாரும் மெல்லிய குரலில் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "அண்ணே, இதுக்கு மெரிட் கிடைக்குமா?" இதைக் கேட்பவர்களைக் கேலி செய்யாதீர்கள். புறப்பாட நடவடிக்கைப் புள்ளி குறைந்தால் விடுதியில் இடம் போய்விடும். தோட்டத்திலிருந்து வந்து படிக்கிற பிள்ளைக்கு வெளியே அறை வாடகை சின்ன விஷயமா? கேளுங்கள், சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு மனக்கசப்பு வேறு இடத்தில். ஒரு வருஷம் ஒரு குழு வந்தது. ஒரே நிறச் சட்டை, தலைவர் முகம் போட்ட பெரிய பதாகை. இருபது நிமிஷம் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். சான்றிதழில் எட்டு மணி நேரம் என்று இருந்ததாம். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய எட்டு மணி நேரத்தை அல்லவா பறித்துவிட்டார்கள்! ஆன்டி பக்கத்தில் நிற்கவே விடவில்லையே.

பதாகை பற்றி எங்கள் குழுவில் இந்த வருஷம் பெரிய விவாதம். ஆதரவாளர் பேர் இல்லாமல் ஐஸுக்குக் காசு வராது என்கிறார்கள் சிலர். அதிலும் நியாயம் உண்டு. பேர் இருக்கட்டும், முகம் வேண்டாம் என்பது என் கட்சி. இன்னும் முடிவாகவில்லை.

ஆனால் ஒன்று முடிவாகிவிட்டது. காலை நேரத்துக்கு ஆள் நிறைந்துவிட்டது. இரவு 2 மணியிலிருந்து 6 மணி வரைதான் ஆள் இல்லை. அப்போது படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் காலை இழுத்து இழுத்து நடந்து வருவார்கள். ஆன்டி அந்த நேரத்தில்தான் இருப்பார். முடிந்தவர்கள் பேர் கொடுங்கள். பழைய செருப்பு போட்டு வாருங்கள், நனையும்.