வெட்டிய கணுவில் எந்த உயிர்?

மணிபிளாண்ட் கொடியில் ஒரு கணுவை வெட்டி வேறு பாட்டிலில் வைத்தால் சில நாளில் வேர் விடுகிறது. இப்போது அங்கே இருப்பது ஓர் உயிரா, இரண்டா? கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் அந்தக் கொடி ஏறியதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சைவ சித்தாந்தம் படிக்கிறவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. அதன்படி உயிர்கள் பல, அநாதி. அவற்றை யாரும் படைக்கவில்லை, துண்டாக்கவும் முடியாது. அப்படியானால் என் கத்தரிக்கோல் எதை வெட்டியது?

கொடியின் பிறவியே விசித்திரம். பசிபிக் கடலில் மூரேயா தீவு அதன் சொந்த ஊர். பூப்பது மிக அபூர்வம். பூக்கத் தேவையான ஜிப்பரெலின் ஹார்மோனை உருவாக்கும் மரபணு அதில் சரியாக இயங்குவதில்லை என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. விதை இல்லாமல், வெட்டிக் கொடுத்த கைகளாலேயே நம் ஊர்த் திண்ணைவரை வந்திருக்கிறது. எல்லாம் ஒரே செடிதான் என்பார்கள் தாவரவியல் படித்தவர்கள். உடம்பைப் பொறுத்தவரை அது சரி.

கணுவை உற்றுப் பாருங்கள். இலைக்காம்பின் அடியில் பழுப்பாக ஒரு சின்ன முண்டு இருக்கும். அதோடு வெட்டினால் தண்ணீரில் வெள்ளை வேர் நீளும். அது இல்லாத தண்டு கொஞ்ச நாள் பச்சையாக இருந்துவிட்டு அழுகிப்போகும். தங்குவதற்கு உடம்பு தயாராக இருக்கும் இடத்துக்குத் தன் வினைப்படி ஓர் உயிர் வருகிறது என்றே நான் கொள்கிறேன். தாய்க்கொடியின் உயிர் குறையவில்லை.

இந்தத் துணிவை எனக்குக் கொடுத்தவர் உமாபதி சிவம். சிதம்பரம் கொற்றவன்குடியில் இருந்தவர். 1313-இல் ‘சங்கற்ப நிராகரணம்’ என்ற சித்தாந்த நூலைச் செய்தவர். விறகு கொண்டுவந்த பெற்றான் சாம்பானுக்கு அவர் முத்தி அளித்ததை அரசன் நம்பவில்லை. அவன் கண்முன்னே ஒரு முள்ளிச்செடிக்குத் தீட்சை கொடுத்தார், அதுவும் முத்தி பெற்றது என்பது வரலாறு. அந்த முள்ளி விதையில் முளைத்ததா, பக்கத்துச் செடியின் வேரிலிருந்து கிளைத்ததா என்று அந்தக் கதையில் யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு செடியைத் தனி உயிராக அருள் அறிந்திருந்தது. எண்ணிக்கை தெரியாமல் தவிப்பது நான்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் “அக்கா, ஒரு கணு குடுங்க” என்று வந்தால் மறுப்பதில்லை. முண்டு பார்த்து வெட்டிக் கொடுக்கிறேன். “தண்ணிய அப்பப்ப மாத்தும்மா, நாறவிட்டுடாத” என்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.