சாமி நிலமும் மூன்று மாவும்

காற்றையும் வெளிச்சத்தையும் போல நிலமும் ஆண்டவனுடையது என்பது வினோபா பாவேயின் வாதம். 1951 ஏப்ரல் 18 அன்று, தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தலித் குடும்பங்கள் அவரிடம் 80 ஏக்கர் கேட்டன. அங்கிருந்த ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூமிதான இயக்கம் அப்படித்தான் பிறந்தது. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் தம்மை ஆறாவது பிள்ளையாக வைத்துப் பங்கு பிரிக்கச் சொல்லி, வினோபா நாடெங்கும் நடந்தார்.

கேட்டது பிள்ளையின் பங்கு, கிடைத்ததோ தானம். சிக்கலே இதில்தான். நிலம் ஆண்டவனுடையது என்றால், அதை எடுத்துக் கொடுத்தவருக்குத் தானப் புண்ணியம் எப்படிச் சேரும்? வெறும் தர்க்க விளையாட்டாக இதைத் தள்ளிவிட முடியாது. தானம் என்றால் எதைக் கொடுப்பது என்பதையும் கொடுப்பவர்தான் முடிவு செய்வார். இயக்கத்துக்கு 40 லட்சம் ஏக்கருக்கு மேல் வந்தது. அதில் பாறையும் பொட்டலும் வழக்கில் கிடந்த வயலும் ஏராளம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். ஏர் பிடிக்கப் போகிறவர் மண்ணைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

கீழத்தஞ்சையில் கதை இன்னும் வேடிக்கை. அங்கே பல வயல்கள் சட்டப்படியே சாமியுடையவை. சாமி பெயரைச் சொல்லி அனுபவித்ததோ பெரும்பாலும் மிராசுதார். வலிவலத்தில் கோயில் நிலத்தை உழுகிறவர்களுக்கே விடச் சொல்லி, சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் போராட வேண்டியிருந்தது.

அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் அந்தப் பக்கம் வந்ததே கீழ்வெண்மணிக்குப் பிறகுதான். 1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறின் முடிவில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோன ஊர் அது. கிருஷ்ணம்மாள் தலித் குடும்பத்தில் பிறந்தவர், வள்ளலாரை வணங்குபவர், பூமிதானத்துக்காக நடந்தவர். ஆனாலும் 1981இல் இருவரும் தொடங்கிய 'லாஃப்டி' அமைப்பு தானத்தை நம்பி நிற்கவில்லை. மிராசுதாரையும் கூலியாட்களையும் எதிரெதிரே உட்கார வைத்து விலை பேசியது. வங்கிக் கடனுக்கு அலைந்து கிரயம் முடித்தது. வங்கிகள் தயங்கின, முத்திரைத்தாள் செலவு வேறு கழுத்தை நெரித்தது. குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர், தஞ்சைக் கணக்கில் மூன்று மா. பத்திரம் பெண் பெயரில். 2007க்குள் சுமார் 13,000 பெண்கள் இப்படி நிலக்காரர் ஆனார்கள்.

பக்தியுள்ள ஒருவர் கிரயப் பேரத்தில் இறங்கியது கொள்கைச் சறுக்கலா? இல்லை என்றே சொல்ல வேண்டும். விலை கொடுத்தவருக்கு வங்கிக் கடன் உண்டு, நன்றிக்கடன் கிடையாது. வரப்பில் யாரைக் கண்டும் துண்டை இடுப்பில் கட்ட வேண்டியதில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நட்டவர்களே அதே வயலுக்குக் காசும் கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்டால், பதில் சுலபமாக வராது.

பத்திரம் கைக்கு வந்ததோடு பாடு தீர்ந்துவிடவும் இல்லை. தொண்ணூறுகளில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, உப்புநீர் வயலிலும் குடிநீரிலும் இறங்கியது. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். கடலோரப் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் தீர்ப்பும் வாங்கினார். 2005இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி அந்தப் பண்ணைகளுக்கு மறுபடி வழிவிட்டது.