காட்டில் தங்குதல்

எங்கள் முதலாளி அண்ணை யாழ்ப்பாணத்தவர். மெல்பேர்ணுக்கு வந்து முப்பத்தைந்து வருடங்களாகின்றன. அண்மையில் பழைய கம்பர்வான் ஒன்றை வாங்கினார். வானுக்குள்ளேயே இரண்டு கட்டில், ஒரு எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்னக் குளிர்ப்பெட்டி. ஜனவரி வெயில் உச்சிக்கு ஏறிய ஒரு நாள், கடையைக் கழுவிக்கொண்டிருந்த எங்களிடம், "தம்பிமார் ரெண்டுபேரும் வாங்கோ. மூண்டு நாள் காட்டுக்குள்ள கிடந்திட்டு வருவம். மிருகங்கள் வாசலுக்கே வருமாம்" என்றார்.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர், யாங்கோனில் பிறந்தவர்கள். எங்களில் மூத்தவன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கப் போய், அப்பா இறந்ததால் இரண்டாம் ஆண்டோடு நிறுத்தியவன். இதை எழுதுவதும் அவன்தான். அண்ணையின் அழைப்பை இருவரும் ஒரே மூச்சில் மறுத்தோம். "எங்கள் அய்யா காட்டில் நடந்து உயிர் தப்பியவர் அண்ணை. காட்டில் படுப்பது எங்களுக்கு விளையாட்டில்லை" என்றோம்.

அவர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய அக்கா 2009இல் வன்னியில் தறப்பாளின் கீழே எத்தனை இடங்களில் கிடந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதை எடுத்து எங்கள் முன்னால் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றுவிட்டுக் கணக்குப் பார்க்கப் போனார். அந்த மௌனம்தான் எங்களை இதை எழுத வைக்கிறது. அன்று நாங்கள் சொன்னது நியாயமா?

அய்யா என்று நாங்கள் சொல்வது அப்பாவின் அப்பாவை. அவருடைய தகப்பனார் இராமநாதபுரம் பக்கமிருந்து ரங்கூனுக்குப் போய், பசுண்டாங் கால்வாய்க்கரை அரிசி ஆலை ஒன்றில் மூட்டை சுமந்தவர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியக் குண்டு விழுந்தபோது அந்த ஊர் ஒரே நாளில் எழுந்து நடக்கத் தொடங்கியது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள். மற்றவர்களுக்குக் கால்கள் இருந்தன. அந்தச் சில மாதங்களில் சுமார் 5 இலட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். வழியில் இறந்தவர்களை ஒருவரும் சரியாக எண்ணவில்லை. பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரம் என்பாரும் உண்டு. தமு வழியாக இம்பாலுக்கு நடந்தவர்களில் வெள்ளையருக்கு ஒரு பாதையும் இந்தியருக்கு வேறொரு பாதையும் ஒதுக்கப்பட்டதாக அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. சாவதற்குக்கூட வரிசை இருந்திருக்கிறது. நகரைக் கைவிடும்போது ரங்கூன் மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுவிட்டார்களாம். கூண்டில் இருந்தவை செத்தன, கூண்டில்லாதவர்கள் காட்டுக்குப் போனார்கள்.

எங்கள் குடும்பம் புரோமில் ஐராவதியைக் கடந்து, அரக்கான் மலைத்தொடர் வழியாகத் தாங்குப்புக்கு நடந்தது. நூறு மைலுக்கு மேல். அய்யாவுக்கு வயது பன்னிரண்டு. மாசி, பங்குனி வெயில். ஓடைகள் வற்றிக் கிடந்தன. இருந்த தண்ணீரில் வாந்திபேதி இருந்தது. இரவில் மிருகங்களுக்குப் பயந்து நெருப்பைச் சுற்றிப் படுப்பார்களாம்.

ஆனால் அய்யா எங்களுக்குச் சொன்ன காடு இதுவல்ல. விடியற்காலையில் மலையுச்சி மரங்களில் வாலில்லாக் குரங்குகள் கூட்டமாகக் கூவுவதை மட்டும்தான் சொல்வார். வாயைக் குவித்துக் கூவியும் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். அவர் எங்களைவிட அதிகம் சிரிப்பார். தொண்ணூறுகளில் ஒவ்வொரு சித்திரையிலும், திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவின் கூத்து அடங்கியதும், ஊருக்கு வடக்கே மிங்கலாடோனில் இருக்கும் லோகா வனவிலங்குப் பூங்காவுக்கு எங்களைப் பேருந்தில் கூட்டிப்போவார். வேலிக்குள்ளே பூங்காவின் வண்டி மான்களுக்கு நடுவே மெதுவாக ஊரும். குரங்குகள் கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடும். மத்தியானம் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, துண்டை விரித்து வெறும் தரையில் படுத்து அய்யா நன்றாகத் தூங்குவார். காட்டை வெறுக்க யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அவருக்குத்தான் இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

போர் முடிந்து ரங்கூனுக்குத் திரும்பியவர் அவர். 1964இல் கடைகள் அரசுடைமையாகி, தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறியபோதும் போகவில்லை. "இனி நடக்கமாட்டேன்" என்றாராம்.

மற்றதை, அவர் போன பிறகு அப்பத்தா சொன்னாள். அய்யாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். ஐந்து வயது. வற்றிய ஓடையொன்றின் அருகில், பேதி கண்ட அந்தப் பிள்ளையைத் தகப்பனார் ஒரு மரத்தடியில் இறக்கி வைத்தார். அப்போது மூச்சு இருந்தது. மற்றப் பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அதுவரை அவளைச் சுமந்து வந்த அய்யாவின் தோளில் செம்புப் பானையை ஏற்றிவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் தலைமுறைக்கும் ஒரு காடு வந்தது. பர்மிய மொழியில் 'தோ' என்றால் காடு. 'தோகோ' என்றால் காட்டில் ஒதுங்குவது, அதாவது அரசுக்கு எதிராகப் போவது. 1988இல் மாணவர்கள் போனார்கள். 2021 பிப்ரவரி 1 இராணுவக் கவிழ்ப்புக்குப் பின் எங்கள் தெருவிலிருந்தும் ஒருவன் போனான். எங்களோடு பந்து விளையாடியவன். அவன் எல்லைக் காட்டுக்குப் போன அதே மாதங்களில் நாங்கள் எல்லை கடந்து, கடைசியில் இந்தக் குசினிக்கு வந்தோம். 2024 ஏப்ரலில், மகுவே பக்கம் சவுக்கில் 48.2 பாகையும் யாங்கோனில் 40 பாகையும் கொதித்த நாட்களில், அவனிடமிருந்து செய்தி வந்தது. "இங்கே மரநிழல். நீங்கள்தான் தகரக்கூரைக்குள் வெந்துகொண்டிருப்பீர்கள்" என்று எழுதியிருந்தான். நாங்கள் அந்தத் தகரக்கூரையை விட்டு வந்துவிட்டதை மறந்திருந்தான். அதற்குப் பிறகு செய்தி இல்லை.

இப்போது அண்ணையின் கேள்விக்கு வருவோம். பட்டினி கிடப்பவனும் விரதம் இருப்பவனும் ஒன்றல்ல. விரதக்காரருக்கு மாலையில் இலை விழும். கம்பர்வானுக்குச் சாவி இருக்கிறது, திங்கட்கிழமை கடை திறக்க வேண்டும் என்ற நிச்சயம் இருக்கிறது. அய்யாவின் காட்டுக்குத் திங்கட்கிழமை இல்லை. இது பெரிய வேறுபாடுதான். ஆனால் எங்கள் தாய்மார் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்ததைப் பஞ்சத்தில் செத்தவர்களுக்குச் செய்த அவமதிப்பு என்று எவராவது சொன்னார்களா? வேறுபாடு இருக்கிறது என்பதால் மட்டும் ஒன்று குற்றமாகிவிடாது.

அப்படியானால் நாங்கள் ஏன் மறுத்தோம்? இரண்டு இரவு யோசித்ததில் கிடைத்த பதில் எங்களுக்கே பிடிக்கவில்லை. அய்யா நடந்த நடைக்கு நாங்கள் கூலி கேட்டிருக்கிறோம். அந்தத் தெருக்காரன் காட்டில் கிடக்க, நாங்கள் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற வெட்கத்தை, 1942ஐக் கொண்டு மூடப் பார்த்திருக்கிறோம். புலம்பெயர்ந்த எங்களிடம் இது ஒரு பழக்கமாகி வருகிறது என்று நினைக்கிறோம். மற்றவர்கள் பட்டதைக் காட்டி, அதில் ஒரு பங்கு மரியாதையை வாங்கிக்கொள்கிறோம். பட்டவர்களோ பெரும்பாலும் அண்ணையைப் போல வாய் திறப்பதில்லை. இப்படி யோசித்து முடித்ததும் எங்களுக்குச் சுத்தம் வந்துவிட்டது என்று சொல்லவில்லை. மனதை நொந்துகொள்வதும் ஒரு சொகுசுதான்.

போனோம். மெல்பேர்ணிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல், வில்சன்ஸ் புரொமொன்டரி. ஆதிக்குடிகள் அந்த நிலத்தை யிருக் என்றும் வமூன் என்றும் அழைத்தார்கள். அவர்களும் அங்கிருந்து விரும்பி வெளியேறியவர்கள் அல்லர். கோடையில் அங்கே இடம் பிடிக்கவே போட்டி. வானோடு வான், கூடாரத்தோடு கூடாரம். ஒரு அகதி முகாம் போலத்தான் இருந்தது, சிரிப்பொலியைத் தவிர. காட்டுத்தீ பயத்தால் வெளியில் நெருப்பு மூட்டக் கூடாது. நெருப்பில்லாமல் காட்டில் படுப்பதை அய்யா நம்பியிருக்கமாட்டார். அண்ணை சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருக்க, அங்கேயும் சமைத்தது நாங்கள்தான்.

இரவில் வானின் அடிப்புறத்தில் ஏதோ உரசியது. வொம்பட். பன்றிக்குட்டி அளவில், கரடிபோல் தடித்த உடம்பு. எங்களைச் சட்டை செய்யாமல் முதுகைச் சொறிந்துவிட்டுப் புல் மேயப் போனது. அண்ணையின் ஏழு வயதுப் பேத்தி யன்னலில் தொங்கியபடி, "மாமா, உங்கட காட்டில என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

குரங்குகளைச் சொன்னோம். அய்யாவைப் போலவே வாயைக் குவித்துக் கூவினோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்துக் கூடாரத்திலிருந்து யாரோ ஒரு பிள்ளை பதிலுக்குக் கூவியது.

"பிறகு?" என்றாள்.

பிறகு எல்லோரும் ஓர் ஓடைக்கு வந்தார்கள் என்றோம்.

"ஓடையில தண்ணி இருந்ததோ?"

இருந்தது, எல்லாப் பிள்ளைகளும் குடித்தார்கள் என்றோம். அண்ணை எங்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி விளக்கை அணைத்தார்.